இரட்டை விழும்போது யாருக்கு லாபம்?

அன்புள்ள மருமகனுக்கு,

உன் ரூம்காரர்கள் மெரினா பே சாண்ட்ஸ் சூதாட்ட மண்டபத்துக்குக் கூப்பிடுவதாகவும், உள்ளே போகக் காசே இல்லையாம் என்றும் எழுதியிருந்தாய். காசில்லை என்பது உண்மைதான். ஆனால் சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் அங்கே கால் வைக்க நாளொன்றுக்கு 150 வெள்ளி கட்ட வேண்டும். 2010-இல் திறந்தபோது 100 வெள்ளி, 2019-இல் ஏற்றினார்கள். வெளிநாட்டுக்காரன் பாஸ்போர்ட்டைக் காட்டினால் போதும். தன் பிள்ளைகளை வாசலிலேயே மறிக்கிற அரசு உங்களை மட்டும் ஏன் சும்மா விடுகிறது என்று அவர்களைக் கேட்டுப் பார்.

"அங்கே ஏமாற்றுவார்களா மாமா?" என்று கேட்டிருக்கிறாய். அதற்கு அவசியமே இல்லை. கோவில்பட்டி சுற்றுவட்டக் கொடைகளில், கரகாட்டப் பந்தலுக்குப் பின்னால் விரிப்பைப் போட்டு உருட்டுவார்களே லங்கர் கட்டை, அதை வைத்தே சொல்கிறேன். ஆட்டின், இஸ்பேட், டைமன், கிளாவர், கிரீடம், நங்கூரம் என்று ஆறு கட்டம். மூன்று கட்டையை டப்பாவில் குலுக்கிக் கவிழ்ப்பான். நீ பத்து ரூபாய் வைத்த சின்னம் ஒரு கட்டையில் விழுந்தால் பத்து, இரண்டில் விழுந்தால் இருபது, மூன்றிலும் விழுந்தால் முப்பது ரூபாய் லாபம். ஆறு சின்னம், மூன்று கட்டை. பாதிக்குப் பாதி ஜெயிக்கலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

ஆறு கட்டத்திலும் ஆளுக்குப் பத்து ரூபாய் இருப்பதாக வைத்துக்கொள். மூன்றும் வேறு வேறாக விழுந்தால் தோற்ற மூவரின் முப்பதை வாங்கி ஜெயித்த மூவருக்குக் கொடுத்துவிடுவான், கட்டைக்காரனுக்கு ஒன்றுமில்லை. இரண்டு நங்கூரமும் ஒரு கிரீடமும் விழுந்தால்? நாலு பேரிடம் நாற்பதை வாரி, நங்கூரத்துக்கு இருபதும் கிரீடத்துக்குப் பத்தும் கொடுப்பான். பத்து ரூபாய் அவன் மடியில். மூன்றும் ஒன்றாக விழுந்தால் ஐம்பது வாங்கி முப்பது கொடுப்பான். 'டபுள்' என்று கூட்டம் விசிலடிக்கிற நேரத்தில்தான் அவன் சம்பாதிக்கிறான்! கட்டைகள் விழக்கூடிய 216 விதங்களில் இரட்டை 90, மூன்றும் ஒன்று 6. கூட்டிக் கழித்தால் நூறு ரூபாய்க்கு ஏறக்குறைய எட்டு ரூபாய் அவன் பங்கு.

ஏசி மண்டபத்துக்காரன் இவ்வளவு பேராசைப்படுவதில்லை. ரூலெட் சக்கரத்தில் பூஜ்யத்தோடு 37 குழி. ஒரே எண்ணில் வைத்து ஜெயித்தால் நியாயமாக 36 மடங்கு வர வேண்டும், 35 தருவான். அந்த ஒன்றுதான் அவன் பிழைப்பு, நூற்றுக்கு 2.7. இரண்டு பூஜ்யம் உள்ள சக்கரமென்றால் 5.26. நம்மூர் 'உள்ளே வெளியே' சீட்டாட்டம் கோவாவின் மாண்டோவி ஆற்றுக் கப்பல்களிலும் உண்டு. முதல் சீட்டு விழுகிற பக்கம் நூற்றுக்கு 51.5 தடவை ஜெயிக்கும் என்பதால், அந்தப் பக்கத்துக்கு நூறு கொடுக்க வேண்டிய இடத்தில் வழக்கமாகத் தொண்ணூறுதான் கொடுப்பார்கள். பிளாக்ஜாக்கில் உன் சீட்டுகளின் கூட்டு முதலில் 21-ஐத் தாண்டிவிட்டால் காசு போச்சு. பின்னால் சீட்டுப் போடுகிறவனும் தாண்டினால்கூடத் திரும்ப வராது. ஸ்லாட் மெஷினில் சதவீதம் உள்ளேயே எழுதப்பட்டிருக்கும். உன் கண்ணுக்குச் சக்கரம் சுற்றுவது மட்டும்தான் தெரியும்.

ரூலெட்டில் நூற்றுக்கு 2.7 பெரிதில்லையே என்பாய். சுற்றுக்குப் பத்து வெள்ளி, மணிக்கு நாற்பது சுற்று என்றால் உருள்வது 400 வெள்ளி. சராசரியாக மணிக்குப் பதினோரு வெள்ளி கரையும். ஜெயித்து வருகிறவனும் உண்டு. ரூமில் உட்கார்ந்து கதை சொல்கிறவன் அவன்தான். தோற்றவன் போர்வையை இழுத்து மூடிப் படுத்திருப்பான்.

நம் மானாவாரி வெள்ளாமையே சூதாட்டம்தானே என்று உன் அப்பா சொல்வார். நான் ஒத்துக்கொள்வதில்லை. ஐப்பசி மழை பொய்த்தால் உளுந்தும் பாசியும் போகும்தான். ஆனால் நன்றாகப் பெய்த வருஷத்தில் குவிண்டாலுக்கு இவ்வளவு என்று மேகம் கமிஷன் பிடிப்பதில்லை. (கமிஷன் கடைக்காரர் பிடிப்பார், அது வேறு கதை.)

ரூலெட் மேஜைக்குப் பக்கத்தில், முன்பு விழுந்த எண்களை வரிசையாகக் காட்டும் பலகை இருக்கும். ஆறு தடவை சிவப்பு விழுந்துவிட்டது, இனி கறுப்புதான் என்று ஒருவன் தொடையைத் தட்டுவான். சக்கரத்துக்கு ஏது ஞாபகம்? அடுத்த சுற்றிலும் சிவப்பு 18, கறுப்பு 18, பச்சை 1. அந்தப் பலகையைச் செலவு செய்து மாட்டியிருப்பது மண்டபத்துக்காரன்தான்.

பார்க்கப் போவதானால் ஏடிஎம் கார்டை ரூமில் வைத்துவிட்டுப் போ. இந்த மாதப் பணம் வந்து சேர்ந்ததென்று உன் அம்மா எழுதச் சொன்னாள்.

அன்புடன்,
உன் மாமா