ஒன்பது டன் விசையை எதிர்க்கும் ஒரு செப்புத் தகடு

உங்கள் வீட்டில் மூடி உள்பக்கமாகப் போய் உட்காரும் வகைக் குக்கர் இருக்கிறதா? சமைக்கும்போது உள்ளே நீராவியின் அழுத்தம் ஏற ஏற, அந்த மூடி பாத்திரத்தின் விளிம்போடு இன்னும் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். அழுத்தமே அதற்குப் பூட்டு.

கார் இஞ்சினுக்கும் ஒரு மூடி உண்டு. சிலிண்டர்களின் மேல் உட்காரும் அந்தப் பெரிய உலோகப் பாகத்தைச் சிலிண்டர் ஹெட் என்பார்கள். ஆனால் இங்கே நிலைமை தலைகீழ். இந்த மூடி வெளியிலிருந்து பொருத்தப்படுகிறது. உள்ளே அழுத்தம் ஏறினால் அது திறக்கத்தான் பார்க்கும். மூடிக்கும் சிலிண்டர் பிளாக்குக்கும் நடுவே வாயு கசியாமல் இருக்க ஒரு மெல்லிய தகட்டை வைக்கிறார்கள். அதுதான் ஹெட் கேஸ்கெட். "ஹெட் கேஸ்கெட் போய்விட்டது" என்று மெக்கானிக் சொன்னதும் அப்பாவின் முகம் வாடியதை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள்.

சாதாரணக் காரிலேயே இப்படி என்றால், பந்தயக் காரில்? அமெரிக்காவில் நடக்கும் டாப் ஃபியூவல் என்ற நேர்கோட்டுப் பந்தயத்தை எடுத்துக்கொள்வோம். 1,000 அடி, அதாவது சுமார் 305 மீட்டர் தூரத்தை இந்தக் கார்கள் 4 வினாடிக்குள் கடக்கின்றன. முடிவுக் கோட்டில் வேகம் மணிக்கு 500 கிலோமீட்டரைத் தாண்டும். 8 சிலிண்டர்கள், 8.2 லிட்டர் கொள்ளளவு. இஞ்சினின் மேல் சூப்பர்சார்ஜர் என்ற காற்றுப் பம்பு.

சாதாரண இஞ்சினில், பிஸ்டன் கீழே இறங்கும்போது சுமார் 1 பார் வளிமண்டல அழுத்தத்தில் உள்ள காற்று தானாக உள்ளே வரும். சூப்பர்சார்ஜர் அப்படிக் காத்திருக்காது. இஞ்சினின் சுழற்சியிலேயே பட்டை வழியாக ஓடி, வளிமண்டலத்தைவிட ஏறத்தாழ 4 பார் கூடுதலான அழுத்தத்தில் காற்றைத் திணிக்கிறது. எரிபொருளின் பெரும்பங்கு நைட்ரோமீத்தேன். அதன் மூலக்கூறிலேயே ஆக்சிஜன் இருப்பதால், 1 கிலோ எரிய 1.7 கிலோ காற்றே போதும். பெட்ரோலுக்கோ 14.7 கிலோ வேண்டும். ஆகவே அதே காற்றில் பல மடங்கு எரிபொருளை எரிக்கலாம். திணித்த காற்று, திணித்த எரிபொருள். இரண்டும் சேர்ந்து எரியும்போது மூடியின் கதி என்ன?

கணக்குப் போடுவோம். விசை = அழுத்தம் × பரப்பு. பள்ளியில் மலாயிலோ ஆங்கிலத்திலோ படித்த அதே சூத்திரம்தான். சிலிண்டரின் விட்டம் சுமார் 106 மி.மீ. பரப்பு ஏறக்குறைய 0.0088 சதுர மீட்டர். எரியும் வாயுவின் அழுத்தத்தை 100 பார், அதாவது 1 கோடி பாஸ்கல் என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 88,000 நியூட்டன். ஒன்பது டன் எடைக்குச் சமம். ஒரு மைவி கார் சுமார் ஒரு டன் என்றால், ஒன்பது மைவிகளைத் தூக்கும் விசை ஒரே ஒரு சிலிண்டரில்! அதுவும் ஒவ்வொரு வெடிப்பிலும்.

இதை எதிர்ப்பவை ஹெட்டைப் பிடித்திருக்கும் எஃகுத் தண்டுகள். இவற்றை ஆணிகளாக நினைக்காதீர்கள், கெட்டியான சுருள்வில்லாக நினையுங்கள். 150 மி.மீ. நீளமுள்ள தண்டை நன்றாக முடுக்கினால் அது அரை மி.மீ. அளவுக்கு நீளும். பழைய நீளத்துக்குத் திரும்ப அது இழுக்கும் இழுவைதான் ஹெட்டைக் கீழே அமுக்குகிறது. ஹூக் விதி இங்கே வேலை செய்கிறது.

சரி, தண்டுகள் ஒரு சிலிண்டரைச் சுற்றி 1,50,000 நியூட்டன் விசையில் அமுக்குவதாகக் கொள்வோம். எளிமைக்காக, வாயு மேலே தள்ளும் 88,000-ஐ அப்படியே கழித்துவிட்டால், கேஸ்கெட்டின் மேல் மிஞ்சுவது சுமார் 60,000 நியூட்டன். சிலிண்டரைச் சுற்றி 10 மி.மீ. அகலப் பட்டையில் அது பரவினால் கேஸ்கெட்டின் மேல் அழுத்தம் ஏறக்குறைய 180 பார். வாயுவின் 100 பாரைவிட அதிகம்தானே என்று தோன்றும். ஆனால் அது சராசரி. ஹெட் முழுக்க விறைப்பானதல்ல. தண்டுகளுக்கு இடையில் அது மயிரிழை அளவு மேலே வளையும். அந்த இடத்தில் 180 என்பது 90 ஆனால் போதும், வாயு வழி கண்டுபிடித்துவிடும்.

இதற்குப் பந்தய மெக்கானிக்குகளின் விடை, எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்த பகுதி. விசையைக் கூட்டாமல் பரப்பைக் குறைக்கிறார்கள். சிலிண்டரின் வாயைச் சுற்றி ஒரு காடி வெட்டி, அதில் சுமார் 1 மி.மீ. தடிமனுள்ள துருப்பிடிக்காத எஃகுக் கம்பியைப் பதிக்கிறார்கள். கம்பி காடிக்கு மேலே இம்மியளவு நீட்டிக்கொண்டிருக்கும். அதே 60,000 நியூட்டன் இப்போது 1 மி.மீ. அகலக் கோட்டின் மேல் விழுந்தால் அழுத்தம் 1,800 பார். மழுங்கிய கத்தியைத் தீட்டினால் அதே கைவிசையில் நன்றாக வெட்டுகிறதே, அதே சங்கதிதான். சிலர் எதிர்ப்பக்கத்திலும் ஒரு காடி வெட்டுவார்கள். கம்பி தகட்டை அந்தக் காடிக்குள் மடித்துத் தள்ளிவிடும். பிறகு வாயு நேராக ஓட முடியாது.

அப்படி மடிய, தகடு மென்மையாக இருக்க வேண்டும். அதனால்தான் செம்பு. அது வெப்பத்தையும் வேகமாகக் கடத்திவிடுவதால் ஓர் இடத்தில் சூடு தேங்காது. ஆனால் ஒருமுறை நசுங்கிய செம்பு கெட்டியாகிவிடும். திரும்பப் பயன்படுத்த வேண்டுமானால் மங்கிய சிவப்பு நிறம் வரும்வரை சூடாக்கி ஆறவிட வேண்டும், அப்போது பழைய மென்மை வரும். செம்புக்கு ஒரு குறையும் உண்டு. தண்ணீரைத் தடுப்பதில் அது அவ்வளவு கெட்டியல்ல. டாப் ஃபியூவல் இஞ்சினுக்கு அது பிரச்சினையே இல்லை, ஏனெனில் அதன் பிளாக்கில் தண்ணீர் ஓடும் வழியே கிடையாது.

இத்தனைக்குப் பிறகும் கசிந்தால்? மயிரிழை இடுக்கில் பாயும் எரிவாயு, வெல்டிங் சுடர் போல வெட்டும். அலுமினியம் 660 பாகையில் உருகிவிடும், ஆகவே ஹெட்டில் பள்ளம் விழ அதிக நேரம் ஆகாது. இன்னொரு ஆபத்து, ஒரு சிலிண்டரில் தீப்பொறி பற்றாமல் போவது. எரியாத எரிபொருள் திரவமாகத் தேங்கும். திரவம் வாயுவைப் போல அமுங்காது. மேலே வரும் பிஸ்டன் அதன்மேல் மோதினால், ஹெட்டே பெயர்ந்துவிடக்கூடும்.

அதனால் ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் ஹெட்டுகளைக் கழற்றிவிடுகிறார்கள். அடுத்த ஓட்டத்துக்கு ஒரு மணி நேரம்தான் இருக்கும். மெக்கானிக் செப்புத் தகட்டைக் கையில் எடுத்து, கம்பி பதிந்த தடத்தைச் சுற்றி வெளிச்சத்தில் பார்ப்பார். தடத்தைத் தாண்டி ஒரு கரிக்கோடு தெரிந்தால், வாயு எந்த இடத்தில் தப்பியது என்பதை அந்தக் கோடே காட்டிக் கொடுத்துவிடும்.