கல்லிலிருந்து சான்றிதழுக்கு: ட்ராஜன் எழுத்துரு

பரிசளிப்பு விழா நெருங்கினால், மாணவிகள் கணினியில் எழுத்துருப் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு, "டீச்சர், இதில் எது வடிவு?" என்று கேட்பார்கள். அதற்கு ஒரே பதில் கிடையாது. எந்தச் சொல்லுக்கு எந்த எழுத்து என்றுதான் என்னால் சொல்ல முடியும். அதைப் பழகுவதற்கு ஓர் எழுத்துருவை நன்றாக உற்றுப் பார்த்தாலே போதும். இங்கே நான் எடுத்துக்கொள்வது ட்ராஜன்.

ஆங்கில எழுத்தின் கோடு முடியுமிடத்தில் சிறு பாதம்போல் நீளும் பகுதியை செரிஃப் என்பர். அந்தப் பாதம் எப்படி வந்தது என்பதை அறிய உரோம் நகருக்குப் போக வேண்டும். ட்ராஜன் என்ற பேரரசனின் வெற்றித்தூண் கி.பி. 113 முதல் அங்கே நிற்கின்றது. தூண் ஏறத்தாழ 30 மீற்றர் உயரம். அதன் பீடத்தில், வாசலுக்கு மேலே, ஆறு வரிகளில் ஒரு கல்வெட்டு உண்டு. எல்லாம் பெரிய எழுத்துகள். அக்காலத்தில் ஆங்கிலத்தில் இன்று காணும் சிறிய எழுத்துகள் பிறந்திருக்கவில்லை.

செரிஃப் உளியால் வந்தது என்றே பலர் நினைத்திருந்தனர். எட்வர்ட் கேட்டிச் என்ற அமெரிக்கப் பாதிரியார் 1968 இல் வெளியிட்ட நூலில் அதை மறுத்தார். எழுத்துகள் முதலில் தட்டையான தூரிகையால் கல்லில் எழுதப்பட்டன, உளி அந்தத் தடத்தைப் பின்பற்றியது என்பது அவர் வாதம். அவர் முன்பு விளம்பரப் பலகை எழுதியவர். ஆகவே, தூரிகை திரும்பும்போது கோட்டின் முனையில் என்ன நடக்கும் என்பது அவருடைய கைக்கே தெரிந்திருந்தது. எனக்கு இந்த வாதம் பிடிக்கும். அரபு எழுத்தணியில் கோடு தடித்தும் மெலிந்தும் வருவது வெட்டிய நாணற்பேனையின் முனையால்தானே!

இக்கல்வெட்டை அடியொற்றி 1989 இல் அடோபி நிறுவனத்துக்காக எழுத்துருவை வரைந்தவர் கெரல் டுவொம்ப்ளி என்ற பெண். வேலை இலகுவானதன்று. எச், ஜே, கே, யூ, டபிள்யூ, வை, இசட் ஆகிய ஏழு எழுத்துகள் கல்வெட்டில் இல்லை. ஒன்று முதல் ஒன்பது வரையான இன்றைய இலக்கங்களும் பூச்சியமும் இல்லை. இருக்கும் எழுத்துகளின் குணத்தை அறிந்து, இல்லாதவற்றை அவரே படைக்க வேண்டியிருந்தது. இன்று அவற்றைப் பார்ப்பவர், எது பழையது, எது புதியது என்று பிரித்தறிவது கடினம். இந்த எழுத்தை நாளாந்தம் காணும் எத்தனை பேருக்கு அவருடைய பெயர் தெரியும்?

அதன் குணத்தை நீங்களே அச்சிட்டுப் பாருங்கள். ஓ எழுத்து ஏறத்தாழ முழு வட்டம். ஈ, எஸ் இரண்டும் ஒடுக்கமானவை. ஆர் தன் காலை நீட்டி வைத்திருக்கும். கியூவின் வால் அடுத்த எழுத்தின் கீழே ஓடும். அகலமும் ஒடுக்கமும் மாறிமாறி வருவதால் எழுத்துகளுக்கிடையே காற்றுப் போக இடம் வேண்டும். நெருக்கி வைத்தால் அழகு போய்விடும்.

'அப்பலோ 13', 'டைட்டானிக்' திரைப்படச் சுவரொட்டிகளில் இந்த எழுத்துத்தான். பிறகு எல்லாப் படங்களுக்கும் போட்டுச் சலிக்க வைத்துவிட்டார்கள்.

பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சென்ற ஆண்டு ஒரு தாய், தனியார் கற்கைநெறி ஒன்றின் விளம்பரத்தை என்னிடம் காட்டினார். நிறுவனத்தின் பெயர் பொன்னிறத்தில் இவ்வெழுத்தில் இருந்தது. "பழைய, பெரிய இடம் போலிருக்கு டீச்சர்" என்றார். உள்ளே, சான்றிதழை வழங்குவது யார், மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு உண்டா என்று ஒரு வரியும் இல்லை. கல்லுக்குரிய கம்பீரத்தைக் கணினி யாருக்கும் இரவல் கொடுக்கும். அவரை முதலில் பதிவிலக்கத்தைக் கேட்கச் சொன்னேன்.

இனிச் சான்றிதழுக்கு வருவோம். பாடசாலையின் பெயரையும் மாணவியின் பெயரையும் ட்ராஜனில் இடலாம். அதற்குக் கீழே வரும் வாசகத்தை அதில் இடக்கூடாது. இதில் சிறிய எழுத்து இல்லை. பின்னர் வந்த பதிப்புகளில் சிறிய எழுத்துக்குரிய விசையை அழுத்தினாலும் குறுகிய உருவில் பெரிய எழுத்தே வரும். நான்கு வரி முழுவதும் பெரிய எழுத்தானால் கண் தடுக்கும். கலியாண அழைப்பிதழ்களிலும் இதே தொல்லை: மண்டபத்தின் முகவரியை விரலால் தொட்டுத்தான் வாசிக்க வேண்டியிருக்கிறது.

தமிழ் எழுத்துகள் ட்ராஜனில் இல்லை. தமிழில் தட்டச்சு செய்தால் கணினி வேறொன்றைக் கொண்டுவந்து போடும், அது பெரும்பாலும் பொருந்தாது. ஆகவே கோடு தடித்தும் மெலிந்தும் வரும் தமிழ் எழுத்துரு ஒன்றை நீங்களே தெரிவுசெய்யுங்கள். இரு மொழிப் பெயர்களின் உயரமும் சமமாகத் தெரியும்வரை அளவை மாற்றுங்கள். திரையில் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். ஏ4 தாளில் அச்சிட்டு, அறிவித்தற் பலகையில் குத்தி, பத்து அடி பின்னால் போய் நின்று வாசியுங்கள்.