துருதுரு ஆளுக்கும் மனச்சோர்வு வரும்

"அவனா? ஒரு இடத்துல உக்காரமாட்டானே! அவனுக்கு எங்கேருந்து டிப்ரெஷன் வரப்போவுது?" கிள்ளான் பக்கம் கல்யாண வீட்டுப் பந்தியில் இப்படி ஒரு குரல் எப்போதும் கேட்கும். பேச்சுக்கு ஆளானவருக்கு முப்பது வயது இருக்கும். அடுத்தவரைப் பேசி முடிக்கவிடமாட்டார். உட்கார்ந்தால் கால் ஆடிக்கொண்டே இருக்கும். எந்த வேலையிலும் ஒரு வருடம் தாண்டியதில்லை. காரின் சாலைவரி முடிந்துபோனது போலீஸ் நிறுத்தும்போதுதான் அவருக்குத் தெரியவரும். தெம்பு அதிகம், பொறுப்பு குறைவு என்பது வீட்டார் தீர்ப்பு. பெரியவர்களுக்கும் ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவும் மிகைத்துடிப்பும்) இருக்கும் என்று கேள்விப்பட்டவர்கள்கூட அதைத் தெம்பு வழிந்தோடும் கோளாறாகத்தான் நினைக்கிறார்கள். அதனால்தான் மருத்துவர் ஊக்கமருந்து எழுதிக் கொடுத்தால், "எரியுற நெருப்புல எண்ணெயா?" என்று மாத்திரைப் பையை அலமாரிக்குள் தள்ளிவிடுகிறார்கள்.

அந்தத் தெம்பு பெரும்பாலும் தெம்பே இல்லை.

ஜெர்மனியின் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் உல்ரிக் ஹேகர்ல் என்ற மனநல மருத்துவரின் குழு, மூளை எந்த அளவுக்கு விழித்திருக்கிறது என்பதைப் படிப்படியாகக் கணிக்க 'விகால்' என்ற கணினி முறையை உருவாக்கியது. சோதனைக்கு வருகிறவர் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. தலையில் மின்முனைகள் பதித்த தொப்பியை மாட்டுவார்கள். முடிக்குள் பிசுபிசுவென்று ஒரு களிம்பு இறங்கும். கண்ணை மூடிக்கொண்டு பதினைந்து, இருபது நிமிடம் சும்மா இருந்தால் போதும். கண்ணை மூடியதும் தலையின் பின்பக்கத்தில் வினாடிக்குச் சுமார் பத்து முறை ஏறி இறங்கும் ஆல்ஃபா அலை எழும்பும். தூக்கம் எட்டிப்பார்க்கும்போது அது முன்பக்கம் நகரும், உடையும், மறையும். பிறகு மெதுவான அலைகள் வரும். பெரும்பாலோருக்கு இந்த இறக்கம் நிதானமாக நடக்கும். ஏ.டி.எச்.டி. உள்ள பலருக்கோ முதல் சில நிமிடங்களிலேயே அலை சரிகிறது. வெளியே துருதுருவென்று இருந்தவரின் மூளை, பராக்குப் பார்க்க எதுவும் இல்லாத அறையில் தன் விழிப்பைத் தானே தாங்கிப் பிடிக்க முடியாமல் நழுவுகிறது.

இரவு பத்து மணிக்குத் தூக்கம் சொக்கும் குழந்தை என்ன செய்கிறது? படுக்காது. சோபாவில் ஏறிக் குதிக்கும், தம்பியைக் கிள்ளும், சிரிக்கும், அழும். நழுவும் விழிப்பை அசைவாலும் சத்தத்தாலும் முட்டுக்கொடுத்து நிறுத்துகிறது. ஹேகர்லும் டில்மன் ஹென்ஷும் 2014-இல் முன்வைத்த கோட்பாடு இதைத்தான் பெரியவர்களுக்கும் நீட்டுகிறது: ஆடும் கால், ஓயாத வாய், புதிது புதிதாக எதையாவது தேடும் மனம் எல்லாம், சரியும் விழிப்பை நிமிர்த்த மூளை செய்யும் கைவேலை. காலை நேரத்துக் கொமூட்டர் ரயிலில் கதவோரம் நின்று, கைப்பேசியில் மூன்று காணொளிகளை மாற்றி மாற்றிப் பார்த்தபடி வருகிறவர், படாங் ஜாவாவில் ஓர் இருக்கை காலியாகி உட்கார்ந்ததும் ஷா ஆலம் வருவதற்குள் தலை சாய்ந்துவிடுவதும் இப்படி நடக்கலாம். (ராத்திரி ஷிப்ட் முடிந்து வருகிறவரும் அப்படித்தான் தூங்குவார். அந்தச் சங்கதிக்குப் பிறகு வருகிறேன்.)

ஊக்கமருந்து ஏன் அமைதிப்படுத்துகிறது என்ற புதிரும் இதில் ஓரளவு அவிழ்கிறது. 1937-இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் சார்ல்ஸ் பிராட்லி என்ற மருத்துவர், தன் விடுதியிலிருந்த 30 பிள்ளைகளுக்கு பென்செட்ரின் என்ற ஊக்கமருந்தை ஒரு வாரம் கொடுத்துப் பார்த்தார். ஏறக்குறைய பாதிப் பேர் அமைதியாக உட்கார்ந்து பாடம் படிக்கத் தொடங்கினார்கள். அந்தப் பிள்ளைகள் அதற்கு வைத்த பெயர் 'கணக்கு மாத்திரை'.

அடுத்த நம்பிக்கை இதைவிடப் பரவலானது. மனச்சோர்வு வந்தவருக்கு மூளை மந்தமாகிவிட்டது, பாதித் தூக்கத்தில் இருக்கிறது, உலுக்கி எழுப்பினால் சரியாகிவிடும் என்கிறார்கள். "காலையில சீக்கிரம் எழு, ஜாகிங் போ, கோயிலுக்குப் போ." ஆனால் அதே லைப்சிக் நாற்காலியில் உட்கார்ந்த மனச்சோர்வு நோயாளிகள் பலரிடம் கண்டது நேரெதிர். இருபது நிமிடம் ஆகியும் அலை இறங்குவதில்லை. உடம்பு அடித்துப்போட்டாற்போல் கிடக்கிறது. மூளை மட்டும் காவல் காக்கிறது. அசதியாக இருக்கிறது, ஆனால் தூக்கம் வரவில்லை என்று அவர்கள் சொல்வது இந்த நிலையைத்தான். ஆளை விட்டு ஒதுங்குவதும் வெளிச்சத்தையும் சத்தத்தையும் தவிர்ப்பதும், ஏற்கெனவே முறுக்கேறி நிற்கும் மூளைக்கு இன்னும் தூண்டுதல் வேண்டாம் என்ற தற்காப்பு. இதற்கு வலுவான ஒரு சான்று மருத்துவமனைகளில் பல்லாண்டுகளாகத் தெரிந்ததே. மனச்சோர்வு நோயாளியை மேற்பார்வையில் ஓர் இரவு முழுக்கக் கண் விழிக்கவைத்தால், மறுநாள் காலை ஏறக்குறைய பாதிப் பேருக்கு மனம் லேசாகிறது. தூங்கி எழுந்ததும் பலருக்குப் பழைய பாரம் திரும்பிவிடும். இதை வீட்டில் செய்துபார்க்க வேண்டாம். இருமுனைக் கோளாறு உள்ளவருக்கு இதுவே பித்து நிலையைக் கிளப்பிவிடும்.

ஆக ஒரே அசதி இரண்டு எதிர்ப்பக்கங்களிலிருந்து வரலாம்: ஒரு மூளை விழிப்பில் நிற்க முடியாமல் தவிக்கிறது, இன்னொன்று விழிப்பிலிருந்து இறங்க முடியாமல் தவிக்கிறது.

கோட்பாடு அழகாக இருக்கிறது என்பதற்காக முழுசாக விழுங்கிவிடவும் கூடாது. இதே கோட்பாடு சொல்வதுபோல் பித்துநிலையும் விழிப்பு நழுவுவதால்தான் வருகிறது என்றால் ஊக்கமருந்து அதையும் தணிக்க வேண்டுமல்லவா? ஹேகர்ல் குழுவே அதைச் சோதித்தது. 2018-இல் வெளியான முடிவில், பித்துநிலை நோயாளிகளுக்கு மெத்தில்ஃபெனிடேட் என்ற ஊக்கமருந்து பலன் தரவில்லை. தன் கோட்பாட்டுக்கு எதிரான முடிவையும் அச்சேற்றிய நேர்மைக்காக அவர்களை இன்னும் கொஞ்சம் நம்பலாம் என்பது என் கட்சி.

ஏ.டி.எச்.டி.யும் மனச்சோர்வும் ஒரே ஆளிடம் குடியிருந்தால்? அது அபூர்வமில்லை. 2006-இல் வெளியான அமெரிக்கத் தேசிய ஆய்வில், ஏ.டி.எச்.டி. உள்ள பெரியவர்களில் 18.6 விழுக்காட்டினருக்கு அதற்கு முந்தைய ஓராண்டுக்குள் பெரும் மனச்சோர்வு இருந்தது. எல்லா மனநிலைக் கோளாறுகளையும் சேர்த்தால் 38.3 விழுக்காடு. மலேசியாவின் தேசிய சுகாதார ஆய்வில் மனச்சோர்வுள்ள பெரியவர்கள் 2019-இல் 2.3 விழுக்காடு, 2023-இல் 4.6 விழுக்காடு. அவர்களில் எத்தனை பேருக்குப் பின்னால் யாரும் கண்டுகொள்ளாத ஏ.டி.எச்.டி. ஒளிந்திருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

யோசிக்கக் காரணம் உண்டு. பி.எச்.கியூ-9 என்ற ஒன்பது கேள்வித் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். பத்தைத் தொட்டால் மிதமான மனச்சோர்வு இருக்கலாம் என்று கணக்கு. அந்த ஒன்பதில் தூக்கக் கோளாறு, அசதி, கவனம் நிற்காமை, நிலைகொள்ளாமை என்று நான்கு கேள்விகள் உண்டு. ஏ.டி.எச்.டி. மட்டுமே உள்ள ஒருவர் இந்த நான்குக்கும் 'கிட்டத்தட்ட தினமும்' என்று குறித்தாலே பன்னிரண்டு வந்துவிடும், மனதில் துளி துயரம் இல்லாமல். மறுபக்கம், மனச்சோர்வால் கவனம் சிதறும் நாற்பது வயதுக்காரர் இணையத்தில் ஒரு காணொளி பார்த்துவிட்டு "எனக்கு ஏ.டி.எச்.டி." என்று கிளம்பிவிடுகிறார்.

பிரித்தறிய நல்ல வழி காலத்தைக் கேட்பது. மனச்சோர்வுக்கு ஒரு தொடக்கம் இருக்கும்: "அப்பா தவறின பிறகு", "கோவிட்ல வேலை போனப்போ." ஏ.டி.எச்.டி.க்கு அப்படி ஒரு தேதி கிடையாது. அறிகுறிகள் 12 வயதுக்குள்ளேயே தலைகாட்டியிருக்க வேண்டும் என்பது 2013-இல் வந்த டி.எஸ்.எம்-5 கையேட்டின் வரையறை. தமிழ்ப்பள்ளி நாள்களின் மதிப்பெண் அட்டையில் "கெட்டிக்காரன், ஆனால் கவனம் இல்லை" என்று வருடா வருடம் ஆசிரியர் எழுதியிருந்தால் அது மருத்துவருக்கு நல்ல சாட்சி. இன்னொரு கேள்வி ருசியைப் பற்றியது. ஏ.டி.எச்.டி. மட்டும் உள்ளவருக்குப் பிடித்த விஷயம் கிடைத்தால் முகம் மலர்ந்துவிடும். மனச்சோர்வில் பிரியாணியும் மண்ணாக இருக்கும்.

இனி அந்த ரயில் பயணி. துறைமுகத்திலும் தொழிற்சாலைகளிலும் காவல் வேலையிலும் ஷிப்ட் மாறி மாறி உழைக்கும் ஊர் இது. தூக்கக் கடனே கவனத்தைக் குலைக்கும், எரிச்சலைக் கூட்டும். பலத்த குறட்டை, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது, தைராய்டு, ரத்தசோகை ஆகியவற்றைப் பார்க்காமல் எந்தப் பெயரையும் ஒட்டக் கூடாது. ஏ.டி.எச்.டி. உள்ள பெரியவர்கள் பலருக்கு உடல் கடிகாரமே ஒன்றரை மணி நேரம் அளவுக்குப் பின்தங்கி ஓடுகிறது என்பதும் இதில் சேரும். அதற்கு மாற்றாக இரவு பதினொரு மணிக்கு மாமாக் கடையில் இரண்டாவது தே தாரிக் குடிப்பது, மறுநாளின் விழிப்பை இன்றே செலவழித்துவிடுவது.

"அப்போ மூளையை ஸ்கேன் பண்ணிப் பார்த்துடலாமே" என்கிறார்கள். வண்ண வண்ணமான மூளை வரைபடங்களையும் நியூரோஃபீட்பேக் தொகுப்புகளையும் ஆயிரக்கணக்கான வெள்ளிக்கு விற்கும் தனியார் நிலையங்கள் உண்டு. மேலே சொன்ன மூளையலை ஆய்வுகள் எல்லாம் கூட்டத்தைப் பற்றியவை. தனி ஒருவரின் வரைபடத்தை வைத்து அவருக்கு இது உண்டு, இல்லை என்று சொல்ல முடியாது. தீட்டா, பீட்டா அலைகளின் விகிதத்தை வைத்து ஏ.டி.எச்.டி.யைக் கண்டறியப் போதிய சான்று இல்லை என்று அமெரிக்க நரம்பியல் அகாதமி 2016-இலேயே சொல்லிவிட்டது. 38 சோதனைகளைத் தொகுத்த ஆய்வொன்று 2024 இறுதியில் வந்தது. நியூரோஃபீட்பேக்கால் அறிகுறிகள் குறிப்பிடும்படி குறைவதாக அதில் தெரியவில்லை. உட்கார்ந்து ஒரு மணி நேரம் பொறுமையாகக் கேள்வி கேட்கும் மருத்துவர் அந்த வண்ணப் படத்தைவிட உபயோகமானவர்.

ஏ.டி.எச்.டி. மாத்திரை போதைப்பொருள் என்ற பேச்சுக்கு இப்படிப் பதில் சொல்லலாம். மெத்தில்ஃபெனிடேட் மலேசியாவில் 1952-ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்தின் கீழ் மனத்தைப் பாதிக்கும் மருந்தாகக் கட்டுப்படுத்தப்பட்டது. மருத்துவர் சீட்டு இல்லாமல் கிடைக்காது. நண்பனுக்கு ஒன்று கொடுப்பதும் குற்றம். கட்டுப்பாடு இருப்பதால் அது விஷம் என்றாகிவிடாது. ஸ்வீடனில் ஏ.டி.எச்.டி. உள்ள 38,752 பேரின் பதிவேடுகளைப் பார்த்த 2016 ஆய்வில், இந்த வகை மருந்து எடுத்தவர்களுக்கு மூன்று ஆண்டு கழித்து மனச்சோர்வு வரும் வாய்ப்பு 42 விழுக்காடு குறைவாக இருந்தது. பதிவேட்டு ஆய்வு என்பதால் மருந்துதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. மருந்து மனத்தைக் கெடுத்துவிடும் என்ற பயத்துக்கு அது நல்ல பதில். மனச்சோர்வு கடுமையாக இருந்தால் முதலில் அதைக் கவனிப்பதும், லேசாக இருந்தால் ஏ.டி.எச்.டி.யிலிருந்து தொடங்குவதும் மருத்துவர்களின் வழக்கம்.

மிச்சம் இருப்பது தஞ்சோங் ரம்புத்தான். 1911-இல் பேராக்கில் தொடங்கிய மனநல மருத்துவமனை அங்கே இருப்பதால், ஊர்ப் பெயரே வசைச்சொல்லாகி, மூன்று தலைமுறையாக மக்கள் மனநலப் பிரிவின் வாசலை மிதிக்கப் பயப்படுகிறார்கள். இன்றைக்கு கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையிலும், கோலாலம்பூர் மருத்துவமனையிலும், பிரிக்பீல்ட்ஸிலிருந்து எட்டிப்பிடிக்கும் தூரத்திலுள்ள மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்திலும் மனநலப் பிரிவு மற்றப் பிரிவுகளைப் போல வெளிநோயாளிகளைப் பார்த்து அனுப்புகிறது. குடிமக்களுக்கு அரசு சுகாதார கிளினிக்கில் ஒரு வெள்ளி. அங்கே வாங்கும் கடிதத்தோடு சுகாதார அமைச்சின் மருத்துவமனையில் நிபுணரைப் பார்க்கலாம். தற்கொலை முயற்சி 2023 முதல் மலேசியாவில் குற்றம் இல்லை. ஆகவே அந்த எண்ணம் வந்ததை மருத்துவரிடம் மறைக்க வேண்டியதில்லை. உடனே யாரிடமாவது பேச வேண்டும் என்றால் அரசின் ஹீல் எண் 15555, கோலாலம்பூர் பெஃப்ரெண்டர்ஸ் எண் 03-7627 2929. போகும்போது பழைய மதிப்பெண் அட்டை இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அம்மாவை அழைத்துப் போங்கள்.