புராஜெக்ட் தொடங்கும் பிள்ளைகளுக்கு

இளங்கலையில் பொருளியல், சமூகவியல், சமூகப்பணி படிக்கும் பிள்ளைகளுக்கு மூன்றாம் ஆண்டில் ஒரு புராஜெக்ட் உண்டு. கைடு யார் என்று பட்டியல் ஒட்டிய மறுநாளே வாசலில் வந்து நிற்பார்கள்: "சார், ஈஸியா ஒரு டைட்டில் சொல்லுங்க." நான் ஓய்வு பெற்ற பிறகும் போனில் இந்தக் கேள்வி வருகிறது. தனித்தனியாகச் சொல்லி அலுத்துப் போனதால் மொத்தமாக எழுதி வைக்கிறேன்.

1. தலைப்பைத் தேடாதீர்கள், கேள்வியைத் தேடுங்கள்.

"இன்ன மாவட்டத்தில் இன்ன திட்டம் குறித்த விழிப்புணர்வு – ஓர் ஆய்வு" என்ற தலைப்பில் வரும் புராஜெக்டை நான் பிரிக்காமலே முடிவைச் சொல்லிவிடுவேன். பலருக்கு விழிப்புணர்வு இருக்கிறது, இன்னும் கொஞ்சம் வேண்டும். இதைச் சொல்ல எதற்குக் களப்பணி?

தமிழ்நாட்டில் 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இதில் விழிப்புணர்வைப் போய்க் கேட்பானேன்? ஏறுகிற அத்தனை பேருக்கும் தெரியும். உங்கள் ஊரிலிருந்து காலையில் கிளம்பும் முதல் பஸ்ஸில் யார் ஏறுகிறார்கள், எங்கே இறங்குகிறார்கள் என்று பாருங்கள். முன்பு உள்ளூரிலேயே களை எடுக்கப் போனவர் இப்போது டவுனில் ஜவுளிக் கடைக்குப் போகிறாரா? டிக்கெட் காசு மிச்சமானது யார் கையில் நிற்கிறது? மருமகள் தாய்வீட்டுக்குப் போய்வருவது கூடியிருக்கிறதா? இவற்றில் ஒன்றை எடுத்தால் போதும். விடை உங்களுக்கு முன்பே தெரிந்திருந்தால் அந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள்.

2. சொந்த ஊரைச் சின்னதாக நினைக்காதீர்கள்.

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளியலுக்கு முதல் பேராசிரியராக வந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர். அதற்குமுன் ஆக்ஸ்ஃபோர்டில் ரஸ்கின் கல்லூரி முதல்வராக இருந்த வெள்ளைக்காரர். இந்தியக் கிராமம் அவருக்குப் புதிது. 1916இல் அவர் செய்த காரியம் எளிமையானது. நிலம், கூலி, கடன் என்று ஒரு கேள்விப்பட்டியலைத் தயார் செய்து மாணவர்களிடம் கொடுத்து, ஊருக்குப் போய் விவரம் எழுதி வாருங்கள் என்றார். அவர்கள் எழுதி வந்தவற்றைத் தொகுத்து 1918இல் 'சில தென்னிந்தியக் கிராமங்கள்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் புத்தகமாக்கினார். இன்றைய விழுப்புரம் மாவட்டத்து இருவேல்பட்டு, விருதுநகர் பக்கத்து வடமலைபுரம், திருநெல்வேலி கங்கைகொண்டான், தஞ்சைப் பகுதியின் பாலக்குறிச்சி, செய்யாறு வட்டாரத்துத் தூசி எல்லாம் அதில் இருக்கின்றன.

கதை அங்கே முடியவில்லை. பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் 1930களில் அதே ஊர்களுக்கு மறுபடி ஆள் அனுப்பினார்கள். 1960களில் மார்கரெட் ஹாஸ்வெல் போனார். 1980களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தோடு தொடர்புள்ளவர்கள் சில ஊர்களுக்குப் போனார்கள். 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் மூவரும் இருவேல்பட்டுக்குப் போய், நிலக்கிழார்களின் பிடி தளர்ந்ததையும் உழைப்பவர்கள் வயலுக்கு வெளியே பிழைப்புத் தேடியதையும் எழுதினார்கள். 'தளர்ந்தது' என்று சொல்ல வேண்டுமானால் முன்பு எப்படி இருந்தது என்று எவராவது எழுதி வைத்திருக்க வேண்டுமே! எழுதி வைத்தது விடுமுறைக்கு ஊருக்குப் போன கல்லூரிப் பிள்ளைகள். அன்றைக்கு இருந்த கூலி எவ்வளவு, நெல் என்ன விலை, யாருக்கு எவ்வளவு கடன் என்ற விவரங்கள்தான் பின்னால் வந்தவர்களுக்குக் கை கொடுத்தன. ஆகவே 'இது வெறும் பி.ஏ. புராஜெக்ட்தானே' என்று என்னிடம் யாரும் சொல்ல வேண்டாம்.

3. நீங்கள் எந்தத் தெரு என்பது ஊருக்குத் தெரியும்.

ஸ்லேட்டரின் மாணவர்களைப் புகழ்ந்த கையோடு இதையும் சொல்கிறேன். 1916இல் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் எந்த வீட்டுப் பிள்ளைகள் என்று விளக்க வேண்டியதில்லை. அவர்கள் கேட்டபோது பண்ணையாள் என்ன சொல்லியிருப்பார், எதை விழுங்கியிருப்பார் என்பதையும் சேர்த்துத்தான் அந்த ஏடுகளைப் படிக்க வேண்டும்.

ஆந்த்ரே பெத்தேய் தஞ்சாவூர்க் கிராமம் ஒன்றைப் பற்றி 1965இல் வெளியிட்ட புத்தகம் உலகப் புகழ் பெற்றது. அவர் தங்கியது அக்ரகாரத்தில். அதனாலேயே சேரி மக்கள் தன்னை அக்ரகாரத்து ஆளாகப் பார்த்ததையும், அவர்களிடம் நெருங்கிப் பழக முடியாமல் போனதையும் அந்தப் புத்தகத்திலேயே அவர் எழுதியிருக்கிறார். பெரிய அறிஞருக்கே அந்த நிலை. ஊருக்குள் பிறந்த உங்களைக் காலனியில் உள்ளவர்கள் 'இன்னார் வீட்டுப் பையன்' என்றுதான் பார்ப்பார்கள். காலனியில் பிறந்த பிள்ளைக்கோ ஊர்த்தெருவில் திண்ணையில் உட்காரச் சொல்வார்களா என்பதே கேள்வி. உட்காரச் சொன்னார்களா, தண்ணீர் எதில் கொடுத்தார்கள் என்பதையும் நோட்டில் எழுதுங்கள். புராஜெக்டில் 'ஆய்வின் வரம்புகள்' என்று ஒரு பக்கம் விடுவார்களே, அதில் 'நேரமின்மை, பணமின்மை' என்று பழைய புராஜெக்டைப் பார்த்து எழுதாமல் இதை எழுதுங்கள்.

வேறு தெருவைச் சேர்ந்த வகுப்புத் தோழரைச் சேர்த்துக்கொண்டு இருவராகப் போவது நல்ல வழி. இருவருக்கும் கிடைக்கும் பதில் வேறுபட்டால் கவலைப்படாதீர்கள், அந்த வேறுபாடே ஒரு அத்தியாயம்.

4. போகிற நேரம் முக்கியம்.

காலை பதினொரு மணிக்குப் போனால் வீட்டில் இருப்பவர்கள் முதியவர்களும் வேலைக்குப் போகாதவர்களும்தான். பிறகு 'இக்கிராமத்தில் பெரும்பாலோர் வேலையற்றோர்' என்று எழுதுவீர்கள். வேலைக்குப் போனவர்கள் விளக்கு வைக்கும் நேரத்தில் திரும்புவார்கள், அதுவும் பெண்களுக்கு உலை வைக்கும் நேரம். ஞாயிறு மதியம் பரவாயில்லை. வீட்டு அம்மாவிடம் கேட்ட கேள்விக்கு அவர் கணவர் பதில் சொன்னால் யார் சொன்னது என்று குறித்துக்கொள்ளுங்கள். குடிதண்ணீர்க் குழாயடி, ரேஷன் கடை வரிசை, மகளிர் குழுக் கூட்டம் இங்கெல்லாம் கணவர்கள் அதிகம் வரமாட்டார்கள், பெண்களிடம் அங்கே பேசுங்கள்.

5. கேட்பதற்கு முன் படியுங்கள்.

ஊரில் எத்தனை வீடு என்று வீடு வீடாகப் போய் எண்ண வேண்டாம். மாவட்ட மக்கள்தொகைக் கையேட்டில் கிராம வாரியாக 2011 கணக்கு இருக்கிறது. 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனது, ஆகவே அந்தப் பழைய எண்ணை இன்றைய நிலவரம்போல எழுதிவிடாதீர்கள். 1961 கணக்கெடுப்பின்போது தமிழகத்தில் தேர்ந்தெடுத்த சில கிராமங்களுக்குத் தனித்தனி நூலே போட்டார்கள். உங்கள் ஊரோ பக்கத்து ஊரோ அதில் இருந்தால் உங்களுக்கு யோகம். சென்னைக்கு வர முடிந்தால் கன்னிமாரா நூலகம், எழும்பூர் ஆவணக் காப்பகம், தரமணியில் ரோஜா முத்தையா நூலகம் மூன்றையும் ஒருமுறையாவது பாருங்கள்.

அலுவலகத்தில் கேட்டுக் கிடைக்காத விவரத்துக்கு 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாள் கெடு. புராஜெக்ட் தொடங்கிய வாரமே மனுவைப் போட்டுவிடுங்கள். கெடு தாண்டி மேல்முறையீட்டுக்குப் போகும்போது உங்கள் வைவாவே முடிந்திருக்கும்.

6. கேள்வித்தாளை உங்கள் பாட்டியிடம் முதலில் படித்துக் காட்டுங்கள்.

ஆங்கிலத்தில் தயாரித்துக் களத்தில் நின்றபடி மொழிபெயர்க்கிற வேலை வேண்டாம். பத்துப் பேரிடம் பத்து விதமாகக் கேட்டிருப்பீர்கள், பிறகு பதில்களைக் கூட்டி என்ன பயன்? 'முழுமையாக உடன்படுகிறேன், ஓரளவு உடன்படுகிறேன், கருத்தில்லை' என்று ஐந்து கட்டம் போட்ட தாளைக் கீரை விற்கும் அம்மாவிடம் நீட்டிப் பாருங்கள். "நீயே எது நல்லதோ போட்டுக்க கண்ணு" என்பார். அவர் மரியாதைக்குச் சொல்கிறார், நீங்கள் அதைத் தரவு என்கிறீர்கள்.

'உங்கள் மாத வருமானம் எவ்வளவு?' என்ற கேள்வியும் அப்படித்தான். கூலிக்காரருக்கு மாத வருமானம் என்று ஒன்று கிடையாது. இருப்பவரோ ரேஷன் கார்டை நினைத்துக் குறைத்துச் சொல்வார். போன வாரம் எத்தனை நாள் வேலை கிடைத்தது, எங்கே, கூலியை யார் வாங்கினார், வாரக் குழுத் தவணை எந்தக் கிழமை, அதைக் கட்ட இந்த வாரம் யாரிடம் கைமாற்று வாங்கினீர்கள் என்று கேளுங்கள். நேற்றையும் போன வாரத்தையும் கேட்டால் மனிதர்கள் தெளிவாகச் சொல்வார்கள். 'பொதுவாக' என்று தொடங்கினால் அவர்களும் பொதுவாகவே சொல்வார்கள். சாதியை முதல் கேள்வியாகக் கேட்டுவிட்டு மற்றவற்றுக்கு உண்மையான பதிலை எதிர்பார்க்காதீர்கள்.

7. கூகுள் ஃபார்ம்.

வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் அனுப்பி நூறு பேர் நிரப்பினால் அது உங்கள் நண்பர்களைப் பற்றிய ஆய்வு. தலைப்பில் 'தமிழ்நாட்டு இளைஞர்கள்' என்று போடாதீர்கள். பன்னிரண்டு பேரிடம் பேசியிருந்தால் பன்னிரண்டு பேர் என்றே எழுதுங்கள், தசமப் புள்ளியோடு சதவீதம் போட்டால் பன்னிரண்டு நூறாகிவிடாது.

8. அவர்களுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்பார்கள்.

"எங்களுக்கு ஏதாவது வருமா தம்பி?" என்று கேட்காத வீடு இருக்காது. வராது என்று சொல்லுங்கள். லோன் வரும், வீடு வரும் என்று நினைத்து விவரம் கொடுக்கும்படி விட்டால் அது ஏமாற்று. அடையாள அட்டையைக் காட்டுங்கள், எதற்குக் கேட்கிறோம் என்று சொல்லுங்கள், வேண்டாம் என்றால் கும்பிட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போங்கள். போனில் பதிவு செய்வதானால் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

பெயரை மாற்றுவது மட்டும் போதாது. 'ஊரில் சொந்தமாகத் தறி வைத்திருக்கும் ஒரே விதவைப் பெண்' என்று எழுதினால் யார் என்று ஊருக்கே தெரியும். பெத்தேய் தன் கிராமத்துக்கு 'ஸ்ரீபுரம்' என்று பெயர் சூட்டினார். தஞ்சையில் ஆய்வு செய்த கேத்லீன் கஃப் 'கும்பப்பேட்டை' என்று ஒன்றை வைத்தார். இந்தப் பெயர்களை வைத்து வரைபடத்தில் தேடினால் அந்தக் கிராமங்கள் கிடைக்காது. தவணை தவறியவர், மேஸ்திரியைப் பற்றிக் குறை சொன்னவர், வேறு சாதியில் மணம் முடித்தவர் இவர்களைப் பற்றி எழுதும்போது, இந்தப் பக்கம் அவர்கள் தெருவில் யார் கையிலாவது கிடைத்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். சந்தேகம் இருந்தால் அந்தப் பக்கம் வேண்டாம், மதிப்பெண் குறைந்தாலும் சரி.

9. அன்றைக்கே எழுதுங்கள், இரண்டு இடத்தில் வையுங்கள்.

எம். என். சீனிவாஸ் 1948இல் மைசூர் அருகே, தான் 'ராம்புரா' என்று பெயர் சூட்டிய கிராமத்தில் தங்கிக் குறிப்பெடுத்தார். பல ஆண்டு உழைத்து ஒழுங்குபடுத்திய அந்தக் குறிப்புகளின் மூன்று பிரதிகளும் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் அவர் அறை இருந்த கட்டடத்துக்கு 1970இல் யாரோ தீ வைத்தபோது எரிந்துபோயின. மூன்றும் ஒரே இடத்தில் இருந்தன! பிறகு பெரும்பாலும் நினைவைக் கொண்டே எழுதி 1976இல் அந்தக் கிராமத்தைப் பற்றிய புத்தகத்தை வெளியிட்டார். இதைச் சொன்னால், "அப்போ நோட்ஸே வேணாமா சார்" என்று ஒருவர் கேட்பார். ஒரு ஊரில் மாதக்கணக்காக வாழ்ந்தவருக்கு அது முடிந்தது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை போய்வந்தவருக்கு முடியாது. படுப்பதற்குமுன் எழுதுங்கள், போட்டோ எடுத்து மெயிலில் போட்டு வையுங்கள்.

10. ஜெராக்ஸ் கடையில் விற்கும் புராஜெக்ட்.

வாங்காதீர்கள். ஹாஸ்டல் அறையில் நாலு பேர் உட்கார்ந்து கேள்வித்தாள் நிரப்பினால் எங்களுக்குத் தெரியும்: எல்லாத் தாளும் மடங்காமல் இருக்கும், எந்தத் தாளிலும் 'தெரியாது' இருக்காது. கணினியிடம் சொல்லி எழுதி வாங்கியதும் அப்படியே, அதில் யாரும் கோபித்துக்கொண்டு கதவைச் சாத்தியிருக்க மாட்டார்கள்.

11. எழுதும்போது.

'இந்தியா ஒரு விவசாய நாடு' என்று தொடங்கும் முதல் அத்தியாயத்தை அடித்துவிடுங்கள். உங்கள் ஊரிலிருந்து தொடங்குங்கள். நீங்கள் நினைத்துப் போனது தவறு என்று களம் காட்டியிருந்தால் அதையே முன்னால் வையுங்கள், புராஜெக்டிலேயே மதிப்புள்ள பக்கம் அதுதான். கடைசி அத்தியாயத்தில் 'அரசு விழிப்புணர்வு முகாம்கள் நடத்த வேண்டும்' என்ற வரியை மட்டும் என் பொருட்டு எழுதாதீர்கள். துறை அனுமதித்தால் தமிழில் எழுதுங்கள், அனுமதிக்காவிட்டால் நாலு பக்கச் சுருக்கமாவது தமிழில் செய்து உங்களிடம் பேசியவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். தப்பாக எழுதியிருந்தால் அங்கேயே சொல்லிவிடுவார்கள்.

எந்த மாதம், எந்த ஆண்டு, கூலி எவ்வளவு, அரிசி என்ன விலை என்பதை முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். பெயர் நீக்கிய ஒரு பிரதியை ஊர்ப்புற நூலகத்தில் கொடுங்கள். வைவா ஏப்ரலில் வரும், மார்ச்சில் பைண்டிங் கடையில் கூட்டம் தாங்காது. களப்பணியைப் பொங்கல் விடுமுறைக்குள் முடித்துவிடுங்கள்.