ஓய்வு பெறும் அப்பாவுக்கு எந்த இன்ஷூரன்ஸ்?

சிரஞ்சீவி கண்ணனுக்கு,

உன் அப்பா வருகிற சித்திரையில் மத்திய அரசு உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெறப்போவதையும், அதற்குள் ஒரு ஏஜெண்டு வீடு தேடி வந்து பத்து லட்சத்துக்குத் தனியார் பாலிஸி எடுக்கும்படி வற்புறுத்துவதையும், சர்க்காரின் மருத்துவத் திட்டமான சி.ஜி.எச்.எஸ். ஒன்றே போதுமா என்று நீ கலங்குவதையும் எழுதியிருந்தாய். பத்து லட்சம் என்ற எண்ணை முதலில் ஒதுக்கி வை. அறுபது வயதில் பன்னிரண்டு வருஷத்துச் சர்க்கரை வியாதியோடு நிற்கும் உன் அப்பாவை, அவன் இருக்கிறபடியே எது ஏற்றுக்கொள்ளும் என்று பார்.

1954-இல் டில்லியில் ஆரம்பமான சி.ஜி.எச்.எஸ். அப்படியே ஏற்றுக்கொள்கிறது. பழைய வியாதிக்கென்று காத்திருக்கும் காலம் அதில் இல்லை. ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பிரயோஜனம் என்பதும் இல்லை. மாதாந்தர மாத்திரைகளையும் அதன் டிஸ்பென்சரியிலேயே வாங்கிக்கொள்ளலாம். (இப்போது அதற்கு வெல்னஸ் சென்டர் என்று நாமகரணம் செய்திருக்கிறார்கள், வரிசை என்னவோ பழைய வரிசைதான்.) உன் அப்பாவின் ஏழாம் ஊதிய நிலைக்குச் சந்தா மாதம் 650 ரூபாய், பத்து வருஷத் தொகையான 78,000 ரூபாயை ஒரே தவணையில் செலுத்திவிட்டால், ஆயுள் முழுவதற்கும் அவனுக்கும் உன் அம்மாவுக்கும் மறுபடி சந்தா கட்டும் கவலை இல்லை.

தனியார் பாலிஸியோ வயதோடு விலையும் ஏறுவது. 2024-இல் நிபந்தனைகளைச் சற்றுத் தளர்த்தினார்கள்: 65 வயதைத் தாண்டியவர்களுக்கும் கதவு திறந்தது, பழைய வியாதிகளுக்கான காத்திருப்பின் உச்சவரம்பு நான்கு வருஷத்திலிருந்து மூன்றாயிற்று. இருந்தாலும் அந்த மூன்று வருஷமும் சர்க்கரையால் வரும் சிகிச்சைச் செலவு உங்கள் தலையில்தான் விழக்கூடும்.

மில் உத்தியோகஸ்தனான எனக்குச் சர்க்கார் நிழல் கிடையாது. தனியார் பாலிஸிதான் கதி. குடலிறக்க ஆப்பரேஷனுக்குப் போனபோது, நாளொன்றுக்கு 4,000 ரூபாய் அறை வாடகைக்கே அனுமதி என்ற வரியைப் படிக்காமல் 8,000 ரூபாய் அறையில் தங்கினேன். வாடகையில் பாதிதானே போகும் என்று நான் நினைத்திருக்க, டாக்டர் கட்டணம், தியேட்டர் கட்டணம் எல்லாவற்றையும் அதே விகிதத்தில் வெட்டிப் பாதியாக்கிவிட்டார்கள். நிபந்தனைப்படி அது சரியாம்! ஏஜெண்டு அந்த வரியை வாசித்துக் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை.

இதனால் சர்க்கார் திட்டம் குறையற்றது என்று எண்ணிவிடாதே. அங்கீகாரம் பெற்ற ஆஸ்பத்திரிகளிலே சில, கட்டணம் குறைவென்றும் பணம் தாமதமாக வருகிறதென்றும் முகம் சுளிப்பதுண்டு. அதைவிட முக்கியம், நீங்கள் இருக்கும் சென்னையில் டிஸ்பென்சரி உண்டு, நம் கிராமத்தில் இல்லை என்பது. உன் அப்பா ஊரோடு வந்துவிடுவதானால், அன்றாட மருந்துக்கு மாதம் 1,000 ரூபாய் மருத்துவப்படியைப் பெற்றுக்கொண்டு, ஆஸ்பத்திரிச் சிகிச்சைக்கு மட்டும் சி.ஜி.எச்.எஸ். கார்டை வைத்துக்கொள்ள விதி இடம் தருகிறது.

இன்னொரு சர்க்கார் வழியும் உண்டு: 70 வயதானவர்களுக்கு வருமான வரம்பின்றிக் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை சிகிச்சைச் செலவு தரும் ஆயுஷ்மான் பாரத் ஏற்பாடு 2024 அக்டோபரில் வந்தது. தனியார் பாலிஸி உள்ளவர்களும் அதில் சேரலாம், சி.ஜி.எச்.எஸ். உள்ளவர்கள் இரண்டில் ஒன்றையே தேர்ந்துகொள்ள வேண்டும். அந்த யோசனைக்கு உன் அப்பாவுக்கு இன்னும் பத்து வருஷம் இருக்கிறது.

என் அபிப்பிராயம் இதுதான்: ஓய்வுப் பணம் கைக்கு வந்ததும் 78,000 ரூபாயைக் கட்டிவிடு. மனம் கேட்கவில்லையானால், பெருஞ்செலவுக்கு மட்டும் ஒரு சூப்பர் டாப்-அப் பாலிஸியைப் பிற்பாடு பார்க்கலாம்; விண்ணப்பத்தில் சர்க்கரை வியாதியை மறைக்காமல் எழுது. உன் கம்பெனியின் குரூப் பாலிஸியில் அப்பாவைச் சேர்ப்பதும் நல்லதே, ஆனால் நீ வேலை மாறினால் அதுவும் போய்விடும்.

சென்னையிலேயே இருப்பதா, ஊருக்கு வருவதா என்று அப்பாவிடம் கேட்டு எனக்கு எழுது. ஏஜெண்டுக்கு அதன் பிறகு பதில் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
உன் பெரியப்பா