அரைப் புள்ளி அதிர்ஷ்டமா?

கேள்வி: கிளப் போட்டியில், கடைசியில் எதிராளிக்கு யானையும் ஒரு சிப்பாயும், எனக்கு யானை மட்டும். டிரா செய்தேன். அதிர்ஷ்டம் என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள். உண்மையா?

பதில்: உங்கள் ராஜா சிப்பாய்க்கு முன்னால், அது ராணியாகும் கட்டத்தில் நின்றிருந்தால், அதிர்ஷ்டமே இல்லை. பிரெஞ்சு சதுரங்க வீரர் ஃபிலிடோர் 1777-லேயே அச்சிட்ட பாடம் அது. உங்கள் பக்கமிருந்து மூன்றாவது வரிசையில் யானை நின்றால் எதிரி ராஜா உள்ளே வர முடியாது. வேறு வழியின்றிச் சிப்பாயை அந்த வரிசைக்குத் தள்ளுவார். உடனே யானையை மறுகோடிக்கு அனுப்பி, பின்னாலிருந்து செக் வைத்துக்கொண்டே இருக்கலாம். அவர் ராஜாவுக்கு ஒளிய இடமிருக்காது. பலர் சறுக்குவது இங்கேதான்: சிப்பாய் நகருமுன்பே பதறிப்போய்ச் செக் வைக்கத் தொடங்கிவிடுவார்கள். கேலி செய்பவரை அதே நிலையில் உட்காரவைத்து ஆடிப் பாருங்கள்.