பூரான் கடி: அச்சம் தவிர்ப்போம், கவனம் கொள்வோம்

மழைக்காலத்தில் ஸ்ரீமுஷ்ணம், விருத்தாசலம் வட்டாரங்களில் முந்திரிச் சருகுகளுக்கு அடியிலிருந்தும் விறகு, செங்கற் குவியல்களிலிருந்தும் பூரான்கள் வீட்டினுள் நுழைவதுண்டு. அவற்றின் உடலிலிருந்து ஈரம் எளிதில் வெளியேறிவிடும். ஆதலால் பகலில் ஈரமான இருளில் பதுங்கி, இரவில் இரை தேடுகின்றன. மழைநீர் வளைகளை நிரப்பும்போது உலர்ந்த இடம் நாடி வருகின்றன.

தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் பெரும்பூரான் ஒன்று, கறுப்பும் செம்மஞ்சளும் மாறி மாறி அமைந்த பட்டைகளை உடையது. பெரும்பூரான்களுக்கு நூறு கால்கள் இல்லை. பெரும்பாலும் 21 இணைகளே உள்ளன. நஞ்சு இருப்பது வாலில் அன்று. தலைக்குக் கீழே கொடுக்குகளாக மாறிய முதல் இணைக் கால்களில்தான். தாய்ப்பூரான் முட்டைகளைச் சுற்றி உடலை வளைத்துக் காக்கும்.

ஆய்வுக்காக வளர்ப்போர், ஒன்றையொன்று தின்னாதிருக்க ஒவ்வொன்றையும் தனிப்பெட்டியில், ஈரமண்ணும் நீர்க்கிண்ணமும் இட்டு, காற்றுப்புகும் இறுக்கமான மூடியுடன் வைப்பர். நீண்ட இடுக்கியன்றி வெறுங்கையால் தொடார். வீட்டில், குறிப்பாகக் குழந்தைகள் உள்ள இல்லத்தில், இதனை வளர்த்தல் தகாது.

பூரான் கடித்தால் கடும் வலியும் சிவப்பும் வீக்கமும் உண்டாகும். உயிரிழப்பு மிக அரிது. கடிவாயைச் சோப்பும் நீரும் கொண்டு கழுவுங்கள். பொறுக்கத்தக்க வெந்நீரில் அப்பகுதியை அமிழ்த்துவதும், துணியில் சுற்றிய பனிக்கட்டியை வைப்பதும் வலியைத் தணிக்கும். கீறுதல், இறுகக் கட்டுதல், சுண்ணாம்பு தடவுதல் வேண்டா. தனுர்வாதத் தடுப்பூசி (டெட்டனஸ்) தேவையா என மருத்துவரிடம் கேளுங்கள். மூச்சுத்திணறல், முகவீக்கம், மயக்கம் தோன்றினால் உடனே 108-ஐ அழையுங்கள். உடலெங்கும் திட்டுத் திட்டாகத் தடிப்பு எழுவதைப் பூரான் கடி என்பது வழக்கம். அது பெரும்பாலும் ஒவ்வாமையே.

எல்லாவற்றினும் முதன்மையான எச்சரிக்கை ஒன்று உண்டு. தரையில் உறங்குவோரை இரவில் கட்டுவிரியன் கடிக்கலாம்; வலியோ வீக்கமோ பெரிதாக இராது. கடித்ததைக் கண்ணால் காணாமல் 'பூரான்தான்' என்று உறுதி கொள்ளாதீர்கள். வயிற்றுவலி, இமை தொங்குதல், பேசவோ விழுங்கவோ இடர்ப்பாடு ஆகியவை பாம்பு நஞ்சின் அறிகுறிகள். பாம்பு நஞ்சுக்கு முறிமருந்து உண்டு. அதனைக் காலந்தாழ்த்தாது பெற வேண்டும். ஐயம் எழுந்தால் விடியும்வரை காத்திராமல் மருத்துவமனைக்கு வாருங்கள்.

கட்டிலில் உறங்குதல், கொசுவலையின் ஓரங்களைப் பாயின்கீழ்ச் செருகுதல், காலணியை உதறி அணிதல் ஆகியன இரண்டிலிருந்தும் காக்கும் எளிய பழக்கங்கள்.